கண்ணாடி நகையில் பசை பிடிவிடும்போது: அறிகுறியைக் கொண்டு காரணம் அறியும் வழிமுறை

கையால் செய்த கண்ணாடிப் பதக்கத்தின் பின்புறத் தகடு கழன்று விழுந்தவுடன், இதைவிட வலுவான பசை எது என்று தேடத் தொடங்குவதே பலருடைய வழக்கம். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கழன்ற இரண்டு பரப்புகளையும் நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியின் துணையோடு, நிதானமாகப் பார்க்கவேண்டும். பசை எந்தப் பக்கத்தில் தங்கியிருக்கிறது, அது கெட்டியாக இருக்கிறதா பிசுபிசுக்கிறதா, அதன் நிறம் மாறியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பழைய பசையைச் சுரண்டிவிட்டால் அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது என்பதால், துடைப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. பசையின் தேர்வு தவறாக இருந்ததைவிட, பரப்பைத் தயார்செய்ததிலோ இறுகவிட்ட விதத்திலோ தவறு நேர்ந்திருப்பதே மிகுதி.

இங்கே பேசப்படும் பசைகள் ஐந்து வகையானவை: பிசின், அதை இறுகச்செய்யும் கடினமாக்கி என்ற இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எப்பாக்சி; சூப்பர் குளூ என்று எல்லோரும் அறிந்த சயனோஅக்ரிலேட்; புற ஊதா விளக்கின் ஒளியில் இறுகும் யூவி பசை; ஈ6000 போன்று, கரைப்பான் ஆவியாவதால் இறுகும் ரப்பர் பசை; சிலிகான்.

பசை முழுவதும் உலோகத்தில் இருக்கிறது, கண்ணாடி வெறுமையாகப் பளபளக்கிறது

கண்ணாடி நகைகளில் அடிக்கடி காணப்படும் பழுது இதுதான். பசை கண்ணாடியைப் பற்றவே இல்லை, அல்லது முதலில் பற்றிப் பிறகு விட்டுவிட்டது என்று இதற்குப் பொருள். எவ்வளவு காலம் தாங்கியது என்பதைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

ஓரிரு நாளிலேயே கழன்றிருந்தால் பரப்பில் அழுக்கு இருந்திருக்கிறது. விரல் பட்டால் படியும் எண்ணெய்ப்பசையே போதும். உலையில் உருக்கிச் செய்த கண்ணாடியானால், அடியில் ஒட்டாமலிருக்கத் தட்டில் பூசிய அலுமினா, கயோலின் கலந்த வெள்ளைப் பூச்சு பின்புறத்தில் மெல்லிய தூளாகத் தங்கியிருக்கும். பசை அந்தத் தூளைப் பற்றிக்கொள்ளும், தூளோ கண்ணாடியைப் பற்றியிராது. கழன்ற பசையின் மேல் வெண்மையான மாவு போன்ற படிவு தெரிந்தால் ஐயமே வேண்டாம், காரணம் அதுதான். துணியால் துடைத்து இதை நீக்க முடியாது. வைரத்தூள் பதித்த தேய்ப்புப் பட்டையால் தண்ணீர் விட்டுத் தேய்க்கவேண்டும். உலர்நிலையில் தேய்த்தால் எழும் கண்ணாடித்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் தண்ணீர் விடுவதைத் தவிர்க்கக்கூடாது.

தேய்த்த பிறகு கண்ணாடி மங்கலாகிவிடுமே என்று தயங்கத் தேவையில்லை. எப்பாக்சியின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் 1.5-ஐ ஒட்டியே இருப்பதால், பசை நிரம்பிய இடத்தில் அந்த மங்கல் பெருமளவு மறைந்துவிடும். தகட்டின் எல்லைக்கு வெளியே தேய்த்துவிட்டால்தான் தழும்பு தெரியும். ஆகவே தேய்ப்பதற்கு முன் தகட்டை வைத்து எல்லை வரைந்துகொள்ளலாம்.

சுத்தம் செய்யும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முற்றிலும் உலரவிட வேண்டும்; பிறகு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலோ கலப்பில்லாத அசிட்டோனாலோ, நார் உதிராத துணியைக் கொண்டு துடைக்கவேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவங்கள் பலவற்றில் தோலுக்கு மென்மை தரும் எண்ணெய்கள் கலந்திருக்கும். கைகளுக்கான கிருமிநாசினியில் கிளிசரின் இருக்கும். இவை இரண்டும் சுத்தம் செய்வதுபோல் தோன்றிப் புதிய படலத்தை விட்டுச் செல்பவை. பரப்பு சுத்தமாகிவிட்டதா என்பதை அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அது ஒரே சீரான படலமாகப் பரவினால் பரப்பு சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் மிச்சமிருக்கிறது. சோதித்த பிறகு மீண்டும் உலர்த்தி, ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, விரல் படாமல் உடனே ஒட்டிவிட வேண்டும்.

சில வாரங்களோ மாதங்களோ நன்றாக இருந்து, பிறகு கழன்றது என்றால் காரணம் நீர். கண்ணாடியின் மேற்பரப்பு நீரை விரும்பும் தன்மை கொண்டது. வியர்வையும் காற்றின் ஈரமும் விளிம்பு வழியாக நுழைந்து, பசை பற்றியிருந்த இடங்களில் தாம் போய் அமர்ந்து பசையை வெளியே தள்ளிவிடும். இதற்கு மிக எளிதாக இடங்கொடுப்பது சூப்பர் குளூ. 1942-இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு, தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடும்போது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவைத்த வேதிப்பொருள்தான் 1958-இல் பசையாக விற்பனைக்கு வந்தது. உடனே ஒட்டுவது அதன் குணம். நீண்ட நாள் ஈரத்தைத் தாங்குவது அதன் குணமன்று. கண்ணாடிப் பரப்பின் ஈரமும் காரத்தன்மையும் அதை மிக வேகமாக இறுகச்செய்து, உள்ளே இறுக்கத்தையும் ஏற்றிவிடுகின்றன. கண்ணாடியையும் உலோகத்தையும் நிரந்தரமாக இணைக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்கவே கூடாது என்பது என் கருத்து. ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு துளி வைப்பதுடன் அதன் பங்கு முடிந்துவிடுகிறது.

அதற்கு மாற்றாக, மெதுவாக இறுகும் எப்பாக்சியோ, கண்ணாடிக்கென்றே தயாரிக்கப்படும் யூவி பசையோ பொருந்தும். பின்னதில் பலவற்றில் கண்ணாடியோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்தும் சிலேன் சேர்க்கப்பட்டிருக்கும். ஐந்து நிமிட எப்பாக்சி இவற்றுக்கு ஈடாகாது. விரைவாக இறுகுவதற்காக அதில் வேறு வகைக் கடினமாக்கி சேர்க்கப்படுவதால், ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கும் திறன் 24 மணிநேர எப்பாக்சியைவிடக் குறைவு.

பசை கண்ணாடியில் இருக்கிறது, உலோகம் வெறுமையாக இருக்கிறது

இங்கே கண்ணாடியின் பக்கம் குறையில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் தகடுகள் பலவும் வழவழப்பான முலாம் பூசப்பட்டவை. சிலவற்றின் மேல் கறுக்காமலிருக்க அரக்குப் பூச்சும் இருக்கும். பசை அந்தப் பூச்சையே பற்றுகிறது. கழன்ற பசையின் மேல் உலோக நிறத்தில் மெல்லிய ஏடு தெரிந்தால் முலாமே உரிந்து வந்திருக்கிறது என்று அறியலாம். எந்தப் பசையாலும் அதைச் சரிசெய்ய முடியாது, தகட்டைத்தான் மாற்றவேண்டும்.

மற்றபடி, ஒட்டும் பக்கத்தை 200 முதல் 240 வரை எண்ணுள்ள உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோனால் துடைத்து, அன்றே ஒட்டவேண்டும். கீறிவிட்டு ஒரு வாரம் திறந்து வைத்திருந்தால் செம்பும் பித்தளையும் மறுபடி ஆக்சைடுப் படலம் கொள்ளும். தகடு வளைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். கண்ணாடியின் பின்புறம் சற்றே குழிந்தோ புடைத்தோ இருந்து, தகடு தட்டையாக இருந்தால், மூன்று புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் இணைப்பாக அது அமைந்துவிடும்.

இரண்டு பக்கமும் பசை இருக்கிறது, நடுவே பிளந்திருக்கிறது

பசை இரு பரப்பையும் பற்றியது, ஆனால் அதற்கே வலுவில்லை. ரப்பர் பசையில் இது நடப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது கரைப்பான் ஆவியாவதால் இறுகும் பசை. கண்ணாடியும் உலோகமும் ஆவியை விடாதவை. ஆகவே கரைப்பான் விளிம்பு வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். சிறு தோட்டின் தகட்டுக்கு 24 முதல் 72 மணிநேரம் போதும் என்றாலும், அகலமான பதக்கத்தின் நடுப்பகுதி அதற்குப் பிறகும் நெடுநாள் மெத்தென்று இருக்கக்கூடும். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, சில நிமிடம் திறந்து வைத்து, மேற்பரப்பு ஒட்டும் பதத்துக்கு வந்ததும் சேர்த்தால் உள்ளே சிக்கும் கரைப்பான் குறையும். இந்தப் பசைகள் சிலவற்றின் கரைப்பான் டெட்ராகுளோரோஎத்திலீன். அதன் ஆவியைச் சுவாசிப்பது கேடு என்பதால் காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே பயன்படுத்தவேண்டும்.

சூப்பர் குளூவில் இதே அறிகுறி தெரிந்தால் படலம் தடித்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால், ஓடும் தன்மையுள்ள வகை நன்றாக இறுகாது. எப்பாக்சியில் இது தெரிந்தால் கலவையில் பிழை. அதைப் பிசுபிசுப்பின் கீழ் பார்ப்போம்.

உலோகத்தோடு கண்ணாடிச் சில்லும் பெயர்ந்து வந்திருக்கிறது

பசை வென்று கண்ணாடி தோற்ற நிலை இது. பலரும் இதைக் கண்ணாடியின் குறையாக நினைக்கிறார்கள்; உண்மையில் பசை மிக விறைப்பாக இருந்ததன் விளைவு.

சூடேறும்போது பொருள்கள் விரிவடையும் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சாதாரணக் கண்ணாடி பத்து லட்சத்தில் 9 பங்கு விரிவடைகிறது; உருக்கு வேலைக்கான கண்ணாடிகளின் மேல் காணும் 90, 96, 104 என்ற எண்கள் இந்த அளவையே பத்து மடங்காக்கிச் சொல்பவை. வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக்கு விரிவு பத்து லட்சத்தில் 3.3 பங்கு மட்டுமே. பித்தளைக்கும் வெள்ளிக்கும் ஏறத்தாழ 19, அலுமினியத்துக்கு 23. சாதாரணக் கண்ணாடியில் 20 மில்லிமீட்டர் அகலப் பித்தளைத் தகட்டை ஒட்டி, வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்து வெப்பநிலை 40 டிகிரி உயர்ந்தால், இரண்டின் அகலமும் 0.008 மில்லிமீட்டர் வேறுபடும். அதாவது, நடுவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு விளிம்பும் 0.004 மில்லிமீட்டர் நகரவேண்டும். பசைப்படலத்தின் தடிமன் 0.02 மில்லிமீட்டராக இருந்தால் விளிம்பில் அது தன் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு சாயவேண்டியிருக்கிறது, 0.2 மில்லிமீட்டராக இருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்தால் போதும். விறைப்பான பசை முன்னதைத் தாங்காது: ஒன்று அது விடும், அல்லது கண்ணாடியைப் பெயர்க்கும்.

ஆகவே அகலமான இணைப்புகளுக்கு வளைந்துகொடுக்கும் பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரப்பர் பசை, சிலிகான், வளையும் தன்மையுள்ள எப்பாக்சி ஆகியவை பொருந்தும். பசையை முழுவதும் நசுக்கி வெளியேற்றிவிடும் அளவுக்கு இடுக்கியால் இறுக்குவதும் கூடாது. மெல்லிய படலமே வலுவானது என்ற பொதுவிதி இங்கே செல்லாது. தகட்டின் அகலத்தைக் குறைப்பதும் உதவும். இன்னொரு வழியும் உண்டு: டைட்டேனியத்தின் விரிவு ஏறத்தாழ 8.6 என்பதால், தோட்டுத் தண்டுகளில் அது சாதாரணக் கண்ணாடியோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது.

சிலிகானைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் வாசனையைக் கவனிக்கவேண்டும். இறுகும்போது வினிகர் வாடை வீசும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அது செம்பையும் பித்தளையையும் அரித்துப் பச்சைப் படிவை உண்டாக்கும். நடுநிலை வகை என்று குறிப்பிட்டிருப்பதே உலோகத்துக்கு ஏற்றது.

பசை பிசுபிசுக்கிறது

எப்பாக்சியில் பிசுபிசுப்பு என்றால் அளவுப் பிழை, கலக்கல் பிழை, குளிர் என்ற மூன்றில் ஒன்று. கடினமாக்கியைக் கூட்டினால் விரைவாக இறுகும் என்பது தவறான நம்பிக்கை. இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று குறிப்பிட்ட விகிதத்தில் வினைபுரிபவை, மிஞ்சியது எந்தப் பகுதியானாலும் இறுகாமலே தங்கிவிடும். விகிதம் எடையில் சொல்லப்பட்டிருக்கிறதா, கன அளவில் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். அருங்காட்சியகங்களில் கண்ணாடியைப் பழுதுபார்க்கப் பயன்படும் ஹெக்ஸ்டல் என்ற எப்பாக்சி, எடையில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்படுவது. அறை வெப்பநிலையில் இறுக ஒரு வாரம் எடுக்கும். அதை இரண்டாம் நாள் தொட்டுப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

மிகச் சிறிய அளவில் கலக்கும்போது பிழையும் பெரிதாகிறது. தேவை ஒரு துளிதான் என்றாலும் சிறு நாணய அளவுக்காவது கலந்து, மிச்சத்தை எறிவதே சிக்கனம். பக்கங்களையும் அடியையும் வழித்துக் குறைந்தது ஒரு நிமிடம் கலக்கவேண்டும். கலந்த மிச்சத்தை எறியாமல் நகையின் அருகிலேயே வைத்திருந்தால், நகையைத் தொடாமலே இறுகும் நிலையை அறிந்துகொள்ளலாம். அந்த மிச்சமும் பிசுபிசுத்தால் கலவையில்தான் பிழை. மிச்சம் கல்லாக இருந்து நகையில் மட்டும் பிசுபிசுத்தால், கலக்காத பகுதி ஒன்று அங்கே போயிருக்கிறது, அல்லது பரப்பில் ஏதோ இருந்திருக்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

யூவி பசையில் பிசுபிசுப்பு இரண்டு வகைப்படும். வெளியே வழிந்த விளிம்பு மட்டும் ஒட்டினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பின் வினையைத் தடுத்திருக்கிறது. ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும், இணைப்புக்குக் கேடில்லை. உள்ளே இறுகவில்லை என்றால் ஒளி போய்ச் சேரவில்லை. நிறமற்ற கண்ணாடி 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை நன்றாகக் கடத்தும். ஒளிபுகாக் கண்ணாடி, கருமை, அம்பர், சிவப்பு நிறங்கள், பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும் டைக்ரோயிக் பூச்சு ஆகியவை அதை விழுங்கியோ திருப்பியோ விடும். பின்னால் உலோகத் தகடு, முன்னால் ஒளிபுகாக் கண்ணாடி என்றால் யூவி பசைக்கு அங்கே வேலையே இல்லை, எப்பாக்சிக்குப் போகவேண்டும். விளக்கின் அலைநீளமும் பசை கேட்கும் அலைநீளமும் ஒன்றா என்பதைக் குப்பியின் மேல் சரிபார்ப்பதும் அவசியம். 405 நானோமீட்டர் விளக்கு 365 நானோமீட்டர் பசையை அரைகுறையாகவே இறுக்கும்.

இறுகாத எப்பாக்சியும் அக்ரிலிக் பசையும் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். வந்தால் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடியது. நைட்ரைல் கையுறை அணிவதும், பிசுபிசுப்பை விரலால் தொட்டுச் சோதிக்காமலிருப்பதும் இதனால்தான். பிசுபிசுத்த நகையை அணிந்துகொள்ளக் கொடுக்கவும் கூடாது.

பசையைச் சுற்றி வெண்படலம் படிந்திருக்கிறது

சூப்பர் குளூவின் ஆவி அருகில் படிந்து இறுகியது அது. அளவு மிகுந்ததும், மூடிய பெட்டியில் இறுகவிட்டதும் காரணங்கள். அசிட்டோன் தோய்த்த துணி கண்ணாடியிலிருந்து நீக்கிவிடும், ஆனால் அசிட்டோன் இணைப்புக்குள் ஓடினால் பசையையும் கரைக்கும். மணம் குறைந்த வகைகளில் இந்தப் படலம் குறைவு. வழிந்ததைத் துடைக்கப் பஞ்சைப் பயன்படுத்தக்கூடாது. பருத்தியும் சூப்பர் குளூவும் சேர்ந்தால் சுடும் அளவுக்கு வெப்பம் எழும்.

ஒட்டியது உறுதியாக இருக்கிறது, ஆனால் மஞ்சளாகிவிட்டது

எல்லா எப்பாக்சியும் காலப்போக்கில் ஓரளவு மஞ்சளாகும். ஐந்து நிமிட வகை மிக விரைவில் ஆகும். சூரிய ஒளியும், விரைவில் இறுகட்டும் என்று அளவுக்கு மீறிச் சூடுகாட்டுவதும் அதைத் துரிதப்படுத்தும். இறுகிய பசையின் மஞ்சளை எதனாலும் போக்க முடியாது. ஆகவே இது தேர்ந்தெடுக்கும்போதே தீர்க்கவேண்டிய சிக்கல். பின்புறம் ஒளிபுகாததாக இருந்தால் எந்த நிறமும் தெரியாது, அதைப்பற்றிக் கவலையே வேண்டாம். தெளிந்த கண்ணாடிக்கு அடியில் பசை தெரியுமிடத்தில் மட்டும், எளிதில் மஞ்சளாகாத யூவி அக்ரிலிக்கோ ஹெக்ஸ்டல் போன்ற வகையோ தேவைப்படுகிறது.

கண்ணாடிக்கு அடியிலுள்ள படத்தில் கறையும் வெள்ளிபோல் மின்னும் திட்டுகளும் தெரிகின்றன

மேல்புறம் குமிழ்ந்த கபோஷான் கண்ணாடிக்கு அடியில் அச்சிட்ட தாளை ஒட்டும் வேலையில் இது வரும். கறை என்பது பசையின் நீரோ கரைப்பானோ தாளில் ஊறியது. நீரில் கரையும் மை ஊறிப் பரவியது. லேசர் அச்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. எந்த அச்சானாலும் தாளின் இரு பக்கங்களுக்கும் பாதுகாப்புப் பூச்சு கொடுத்து உலரவிட்ட பிறகே ஒட்டவேண்டும். மின்னும் திட்டு என்பது பசை சேராத காற்றிடம். பசையை நடுவில் ஒரே துளியாக வைத்து, கண்ணாடியைச் சாய்வாக இறக்கி, நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்தினால் காற்று வெளியேறும்.

வெள்ளிப் பூச்சு அடியுள்ள கல் விழுந்துவிட்டது, குழியில் வெள்ளி ஏடு மட்டும் மிஞ்சியிருக்கிறது

பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. கல்லின் பின்பூச்சு உரிந்துவிட்டது. கரைப்பான் உள்ள பசைகள் அந்தப் பூச்சைக் காக்கும் அரக்கைத் தாக்கும். அதே கல்லைத் திரும்ப ஒட்டினால் பளபளப்பு வராது. புதுக் கல்லைக் கரைப்பானற்ற எப்பாக்சியால் ஒட்டவேண்டும். குழிக்குள் மட்டுமல்லாமல் கல்லின் இடுப்புவரை, அதாவது அதன் மிக அகலமான விளிம்புவரை, பசை ஏறினால், சுமை பின்பூச்சின்மேல் மட்டும் விழாமல் கண்ணாடியின் மேலும் விழும்.

பழைய பசையை நீக்குதல்

திரும்ப ஒட்டுவதற்கு முன் பழையது முழுவதும் போகவேண்டும். சூப்பர் குளூவை அசிட்டோனில் ஊறவைத்தால் கரையும். ரப்பர் பசை அசிட்டோனில் உப்பி, நகத்தால் உரிக்கும் பதத்துக்கு வரும். எப்பாக்சி எளிதில் கரையாது. 80 முதல் 100 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கினால் மென்மையாகி, மெல்லிய அலகால் நெம்ப இடங்கொடுக்கும். குளிர்ந்த கண்ணாடியைக் கொதிநீரில் போடுவது விரிசலுக்கு வழி. வெதுவெதுப்பான நீரிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சூடேற்றவேண்டும், ஆறுவதும் அப்படியே. உறைபெட்டியில் வைத்துப் பிரிக்கும் முறை உலோகம் மிகுதியாகச் சுருங்குவதை நம்பியது. கண்ணாடி சில்லாகும் வாய்ப்பு அதிலும் இருப்பதால் மதிப்புள்ள நகைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சிலிகான் பூசிய இடத்தை மட்டும் தனியாகக் கருதவேண்டும். கண்ணுக்குத் தெரியாத எச்சம் இருந்தாலும் வேறெந்தப் பசையும் அதன் மேல் பற்றாது. ஆகவே அலகால் வழித்த பிறகு, வைரப் பட்டையால் பரப்பையே தேய்த்துப் புதிதாக்கி, தண்ணீர்ச் சொட்டுச் சோதனையை மறுபடி செய்துபார்க்க வேண்டும். அதிலும் நீர் திரண்டு நின்றால் மீண்டும் சிலிகானையே பயன்படுத்துவதுதான் வழி.